தாழ்ந்த காரும் தரை உரசாத வித்தையும்

நண்பர் ஒருவர் தன் காரின் காயில் ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு சுற்று வெட்டி எடுத்து வண்டியைத் தாழ்த்தினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் 'டம்'முனு ஒரு சத்தம். அவர் கண்டுகொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் கீறி, எண்ணெய் முழுக்க ரோட்டில். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், அடியில தகடு அடிச்சுடவா, இல்ல வண்டியத் திரும்பத் தூக்கிடவா?"

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. தாழ்ந்த காரின் வயிற்றைக் காப்பாற்ற உண்மையில் இந்த ரெண்டு வழிதான் இருக்கிறது: கவசம் போடு, அல்லது எழுந்து நில். இந்தக் கேள்வியை ஒரு ஊரே பல பத்தாண்டுகள் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறது. அந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அந்தக் கார்களின் அடிப்பாகம் அதிகம் பயந்தது ரோட்டுக்கு இல்லை, போலீசுக்கு. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. வேண்டாம் என்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

கார் ஒரு மேட்டின் மேல் ஏறும்போது அடி தட்டுமா தட்டாதா என்பதை மேட்டின் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. மேட்டின் நீளமும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 99 வழிகாட்டியில் சொல்லப்பட்டிருக்கும் வட்டமான ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் வடிவமைத்த மேட்டின் அளவும் இதேதான். இதில் 2.5 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள கார் ஏறினால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே இருக்கும். வட்டக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரின் நடுவயிற்றுக்குத் தேவைப்படும் இடைவெளி சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். சாதாரணக் கார்களுக்கு 16, 17 சென்டிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கும் என்பதால் இங்கே இடிக்கவே இடிக்காது. ஆனால் நம்ம தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலவை கொட்டிப் போடும் மேடு அப்படியா? ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம். சக்கரம் ஏறி இறங்கிவிடும், மேடு காரின் வயிற்றுக்கு நேர் கீழே நிற்கும். அப்போது முழு அரை அடியும் வேண்டும். நண்பரின் சம்பைக் கீறியது இந்த ரகம்தான்.

(ஸ்பீட் பிரேக்கருக்கு ஒரு நோபல் பரிசுக்காரரும் உண்டு. எக்ஸ்ரே சிதறலுக்காக 1927இல் பரிசு வாங்கிய ஆர்தர் காம்ப்டன், செயிண்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் கார்கள் வேகமாகப் போவதைப் பார்த்து எரிச்சலாகி 1953இல் ஒரு மேட்டை வடிவமைத்தார். சம்ப் உடைந்தவர்கள் திட்ட வேண்டிய முகவரி தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

சரி, லாஸ் ஏஞ்சலசுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். நகரத்தின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. வாலிபப் பையன்கள் கையில் வேலை, கொஞ்சம் காசு, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த செவர்லே. அதே காலத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் எடையைக் குறைத்து இன்ஜினை முறுக்கி வேகத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தேர்ந்தெடுத்தது நேர் எதிர்த் திசை. 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்று ஸ்பானிஷில் சொல்வார்கள். தாழ்வாக, மெதுவாக. ஞாயிறு மாலையில் நன்றாக உடுத்திக்கொண்டு விட்டியர் புலவார்டில் ஊர்ந்து போவது. பார்ப்பதற்காக, பார்க்கப்படுவதற்காக.

பார்க்கப்படுவது அந்தச் சமூகத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. 1943 ஜூனில் இதே நகரத்தில், தொளதொள பேண்ட்டும் நீளமான கோட்டும் போட்டிருந்த மெக்சிகன் பையன்களைக் கடற்படைச் சிப்பாய்கள் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்து அடித்து உடுப்பைக் கிழித்தார்கள். 'சூட் சூட் கலவரம்' என்று வரலாற்றில் பெயர். உடுப்புக்கு அடி வாங்கிய அந்தத் தெருக்களில்தான் சில ஆண்டுகளில் கார் வந்தது.

காரைத் தாழ்த்த முதலில் கையாண்ட வழி கேட்டால் சிரிப்பு வரும். டிக்கியில் மணல் மூட்டை. கடைவீதியில் சுற்றும்வரை மூட்டை இருக்கும், வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்னா மூட்டையை இறக்கிவிட்டால் போதும், வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன்தான். தூக்குவதற்கு மோட்டார் இல்லை, முதுகுதான் இருந்தது.

அப்புறம் நிரந்தர வழிகள் வந்தன. பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைப்பார்கள். காயில் ஸ்பிரிங்கை வெட்டுவார்கள், அல்லது கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சி உட்கார வைப்பார்கள். காய்ச்சுவது மோசமான முறை. எஃகின் பதம் போய்விடும், இடது பக்கம் ஒரு உயரத்திலும் வலது பக்கம் வேறு உயரத்திலும் உட்காரும். வெட்டுவது அதைவிடத் தேவலை. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பதால் குழியில் விழும்போது வண்டி அவ்வளவு அமுங்காது. என் நண்பர் தெரியாமல் செய்த காரியத்தில் இருந்த ஒரே நல்ல அம்சம் அதுதான்.

வண்டி தாழ்ந்ததும் அடியில் உள்ளவை எல்லாம் ஆபத்துக்கு வந்தன. சைலன்சர் குழாய் முதலில் போகும். பிறகு ஆயில் சம்ப், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பெட்ரோல் டாங்க். பின்னால் இன்னொரு தொல்லை: வண்டி இறங்க இறங்க, ஆக்ஸில் மேலே எழும்பி சேசிஸ் சட்டத்திலேயே இடிக்கும். அதற்கு ஆக்ஸிலுக்கு நேர் மேலே சட்டத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இடத்தை கனமான தகட்டால் சுற்றி வெல்டிங் செய்வார்கள். குழாயைச் சட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டுவார்கள். இந்த வேலைகளைப் படிக்கும்போது எனக்குப் பிடித்தது ஒன்று: கவசம் என்றவுடன் நாம் இரும்புத் தகட்டை நினைக்கிறோம், ஆனால் நல்ல கைவேலைக்காரர்கள் முதலில் செய்தது தொங்குவதை மேலே தள்ளுவது. இடிக்க ஒன்றுமே இல்லாவிட்டால் எதற்குக் கவசம்?

ஓட்டுவதிலும் ஒரு வித்தை உண்டு. வீட்டு வாசல் சரிவிலோ, மழைநீர் ஓடச் சாலையின் குறுக்கே விட்ட பள்ளத்திலோ நேராக இறக்கக் கூடாது. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும். நேராகப் போனால் முன் சக்கரங்கள் ரெண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழுந்து மூக்கு தரையில் குத்தும். சாய்வாகப் போனால் எப்போதும் சில சக்கரங்களாவது மேட்டில் நின்று வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். காசு செலவில்லாத பாதுகாப்பு.

இப்படியே போயிருந்தால் இது கார் பிரியர்களின் கைவேலைக் கதையாக முடிந்திருக்கும். 1958 ஜனவரி 1ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு என்று அறியப்பட்டது. விஷயம் இதுதான்: மாற்றியமைக்கப்பட்ட காரில், சக்கரத்தைத் தவிர வேறு எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது.

இந்த விதியை வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓடும்போது டயர் வெடித்தால் ரிம் தரையில் இறங்கும். அப்போது ரிம்முக்குக் கீழே ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் தரையில் மோதும், ஸ்டியரிங் கம்பியாகவோ பிரேக் குழாயாகவோ இருந்தால் வண்டி கைமீறிப் போகும். ரேஸ் கார் கட்டுகிறவர்களும் இதே கற்பனைக் கோட்டை வைத்துத்தான் பாதுகாப்பைப் பரிசோதிப்பார்கள். அளவாகச் சொன்னால் என்ன? பின்னாட்களில் இந்தக் கார்களுக்குப் பிடித்தமான சின்ன டயர் 155/80, 13 அங்குலம். 155இல் 80 சதவீதம் 124 மில்லிமீட்டர், அதுதான் டயரின் பக்கச் சுவர். அதில் ரிம்மின் உதட்டையும் எடையில் டயர் அமுங்குவதையும் கழித்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மிஞ்சும். அதாவது தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, நாலு விரற்கடைக்குச் சற்றே கூடுதல்.

சிக்கல் விதியில் இருந்ததைவிட அதைக் கையில் எடுத்தவர்களிடம் இருந்தது. ஓடும் காரில் 10 சென்டிமீட்டரா 9 சென்டிமீட்டரா என்று கண்ணால் சொல்ல யாரால் முடியும்? தாழ்வாக இருக்கிறது என்று தோன்றினாலே நிறுத்தலாம், இறக்கலாம், விசாரிக்கலாம். யாரை நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். இந்தச் சமூகத்தின் நினைவுகள் எல்லாவற்றிலும் இந்த 'நிறுத்தல்' வந்துகொண்டே இருக்கிறது.

இங்கேதான் ரான் அகீரே வருகிறார். தெற்குக் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ பக்கத்துக்காரர். ஒரு செவர்லே கார்வெட்டை வெட்டி ஒட்டிக் கண்காட்சிக் காராக மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு எக்ஸ்-சானிக் என்று பெயர். தாழ்வாக இருந்ததற்காக அபராதச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்க, 1959 வாக்கில் அவர் எடுத்த முடிவு எளிமையானது. போலீஸ் பார்க்கும்போது வண்டி உயரமாக இருக்கணும், மற்ற நேரம் தாழ்வாக இருக்கணும். அவ்வளவுதானே?

பொருள்கள் பக்கத்திலேயே கிடந்தன. போர்க்காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியா விமானத் தொழிற்சாலைகளால் நிரம்பி வழிந்த பகுதி. பர்பாங்கில் லாக்ஹீட், சாண்டா மோனிகாவிலும் லாங் பீச்சிலும் டக்ளஸ், இங்கிள்வுட்டில் நார்த் அமெரிக்கன். போர் முடிந்ததும் மிச்சம் மீதி உதிரிகள் எல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. அதில் பெஸ்கோ என்ற பெயர் பொறித்த ஹைட்ராலிக் பம்புகளும் உண்டு. விமானத்தில் சக்கரத்தையும் இறக்கைத் தட்டையும் ஏற்றி இறக்குவது போன்ற வேலைகளுக்கான சாமான். அதை வாங்கி, சிலிண்டரும் வால்வும் சேர்த்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தார். சுவிட்சைத் தட்டினால் கார் எழும். விட்டால் உட்காரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு, எனக்கும் இருந்தது. எண்ணெய் அமுங்காது. அப்படியென்றால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெய்ச் சிலிண்டரை வைத்தால் கார் மாட்டு வண்டி மாதிரி அல்லவா தூக்கிப் போடும்? ஆமாம், போடும். அதனால் ஸ்பிரிங்கை எடுப்பதில்லை. ஸ்பிரிங்குக்கும் சேசிசுக்கும் நடுவில் சிலிண்டரை வைக்கிறார்கள். எண்ணெய் உள்ளே போனால் சிலிண்டர் நீண்டு சேசிஸை மேலே தள்ளும். குலுக்கலைத் தாங்கும் வேலையை ஸ்பிரிங் வழக்கம்போல் பார்த்துக்கொள்ளும். ஒரு தோராயக் கணக்கு: 1,600 கிலோ கார், ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் என்றால் பரப்பு 12.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 32 கிலோ அழுத்தம் வேண்டும், அதாவது டயர் காற்றைப் போல 15 மடங்கு. ஸ்பிரிங் சக்கரத்துக்கு மேலேயே இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால் நெம்புகோல் விகிதத்தையும் சேர்க்க வேண்டும், அழுத்தம் இன்னும் ஏறும். விமானப் பம்புக்கு இதெல்லாம் தூசு. அதற்கு மின்சாரம் கொடுப்பதுதான் வேலை: விமானத்தில் 24 வோல்ட், காரில் 12. டிக்கியில் பேட்டரிகளை வரிசையாகக் கோர்த்தார்கள். முன்பு மணல் மூட்டை இருந்த இடத்தில் பேட்டரி வந்து உட்கார்ந்தது. 1970களில் லாரியின் பின்கதவு மேடையை ஏற்றி இறக்கும் பம்பு கைக்கு வந்ததும் விமான உதிரியின் காலம் முடிந்தது.

காரை ஏற்றி இறக்கும் யோசனை அகீரேவுக்குத்தான் முதலில் வந்தது என்று சொல்ல வரவில்லை. 1955இல் பாரிஸில் அறிமுகமான சிட்ரோயன் டிஎஸ் காரில், பால் மாஷெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய எண்ணெயும் நைட்ரஜனும் சேர்ந்த சஸ்பென்ஷன் இருந்தது. ஓட்டுநர் ஒரு நெம்பைத் தள்ளினால் வண்டி உயரும். மோசமான கிராமப் பாதையில் அடி தட்டாமல் போவதற்கென்றே ஒரு உயரம் வைத்திருந்தார்கள். அதுவே உலகத்தின் மிக நேர்த்தியான 'அடி பாதுகாப்பு' என்பேன். ஆனால் அது ஒரு பெரிய நிறுவனம் சொகுசுக்காகச் செய்தது. இது பழைய இரும்புக் கடையில் வாங்கின பம்பு, அபராதச் சீட்டுக்குப் பதில். ரெண்டையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அகீரேயின் சுவிட்ச் பரவியது. அதற்கு வாகாக 1958இல் வந்த செவர்லே இம்பாலாவும் அமைந்தது. 1964 மாடல் வரை செவர்லேயின் பெரிய கார்களுக்குப் பக்கச் சட்டங்கள் இல்லாத, எக்ஸ் எழுத்து வடிவில் நடுவில் கூடும் சேசிஸ். அதன் நடுப்பகுதியைத் தகட்டால் பொதிந்து பலப்படுத்துவது இந்தக் கைவேலையில் ஒரு தனி அத்தியாயம். 119 அங்குல, அதாவது 3 மீட்டர் சக்கர இடைவெளி. மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டால், அந்த 3.7 மீட்டர் மேட்டில் இம்பாலாவின் நடுவயிற்றுக்கு ஆறரை சென்டிமீட்டர் தேவை. நீளமான காருக்கு அடி தட்டுவது சீக்கிரம். அதனால்தான் சுவிட்ச் போலீசுக்கு மட்டுமல்ல, சாலைக்கும் உதவியது. ரயில் தண்டவாளம் வருதா, தூக்கு. தாண்டியாச்சா, இறக்கு.

இப்போது அந்தத் தகட்டுக்கு வருகிறேன். எழுந்து நிற்கும் வழி கிடைத்த பிறகு கவசம் தேவையில்லாமல் போயிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. சேசிஸின் பின்பகுதியில் கனமான இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து, ராத்திரியில் ஓடும்போதே வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே இறக்கி ரோட்டில் இழுத்தார்கள். தீப்பொறி! உரசலில் பிய்ந்து வரும் இரும்புத் துகள்கள் காற்றில் எரிவதுதான் அந்த ஆரஞ்சு நிறம். டைட்டானியம் துண்டு வைத்தால் கண் கூசும் வெள்ளைப் பொறி. பாதுகாப்புக்கு வந்த தகடு தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது, தேய்ந்தால் வேறு வைத்துக்கொள்ளலாம். பல வருஷம் சேதம் என்று பயந்த ஒன்றை எடுத்து வாணவேடிக்கையாக்கிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அதே தீப்பொறியை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், ஃபார்முலா ஒன் பந்தயத்தில். அங்கேயும் தாழ்வு, அங்கேயும் சட்டம், அங்கேயும் ஹைட்ராலிக். கொஞ்சம் விலகிப் போய் அதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ரெண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி.

கார் தரைக்கு நெருங்க நெருங்க அடியில் ஓடும் காற்று அதைக் கீழே உறிஞ்சும், வளைவில் வேகம் கூடும். ஆபத்தும் கூடும். 1981இல் ஒரு விதி வந்தது: காரின் அடிக்கும் தரைக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓடும் காரை அளக்க முடியாது, நிற்கும்போதுதான் அளப்பார்கள். பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே செய்த பிடி49சி என்ற கார், ஓடும்போது காற்றழுத்தத்தில் மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடும். மெதுவாகத் திரும்பி வரும்போது மெல்ல எழுந்து நிற்கும். ஆய்வாளர் அளவுகோலை வைக்கும்போது சரியாக 6 சென்டிமீட்டர். மற்ற அணிகள் கத்தின, அப்புறம் தாங்களும் ஓட்டுநர் கையில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டன. அந்த ஆண்டு உலகச் சாம்பியன் நெல்சன் பிக்கே, ஓட்டியது அதே பிராபம். அகீரே செய்த அதே தந்திரம்! ஒருவருக்குப் பட்டம், இன்னொருவரின் தெருக்காரர்களுக்கு அபராதச் சீட்டு.

அந்த விளையாட்டு அதன் பிறகு கண்டுபிடித்த தீர்வு சுவாரசியமானது. 1994 மே மாதம் இமோலாவில் ஏர்டன் சென்னா இறந்தார், முந்தின நாள் ரோலண்ட் ராட்சன்பெர்கர். அந்தப் பருவத்தின் நடுவிலேயே, ஜெர்மன் பந்தயத்திலிருந்து, எல்லாக் கார்களின் அடியிலும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகை பொருத்த வேண்டும் என்று உத்தரவு. பலகை 1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடியது என்று அர்த்தம். அடுத்த மாதமே பெல்ஜியத்தில் ஜெயித்த மைக்கேல் ஷூமாக்கரின் பலகை தேய்ந்திருந்தது. கார் சுழன்று ஓரக்கட்டையில் ஏறியபோது தேய்ந்தது என்று அணி வாதாடியது. தேய்ந்த இடம் அதற்குப் பொருந்தவில்லை என்று நடுவர்கள் வெற்றியைப் பறித்து டேமன் ஹில்லிடம் கொடுத்தார்கள். 2023 அமெரிக்கப் பந்தயத்தில் ஹாமில்டனும் லெக்லெர்க்கும் தகுதி இழந்ததும் இதே தேய்மானத்தால்தான். பலகையில் பதித்த உலோகத் துண்டுகள் 2015 முதல் டைட்டானியம், பொறி பறப்பது அதிலிருந்து.

கவனித்தீர்களா, அந்தப் பலகை காரின் அடியைக் காப்பாற்ற வைத்தது இல்லை. அது சாட்சி. உரசினாயா இல்லையா என்று பந்தயம் முடிந்தபின் அளவுகோல் வைத்துக் கேட்கலாம். எதிர்வாதம் செய்யலாம், தேய்ந்த இடத்தைக் காட்டலாம். விட்டியர் புலவார்டில் அந்த வசதி யாருக்கும் இல்லை. அங்கே அளவுகோல் ஒரு காவலரின் கண், தீர்ப்பும் அதே நிமிஷத்தில். சுவிட்ச் தட்டி எழுந்து நின்ற கார், அந்தக் கண்ணுக்கு எதிரே வைக்கப்பட்ட ஒரே எதிர்வாதம்.

அந்த வாதத்தைச் சமாளிக்க அரசுக்கும் வழி தெரியாமல் இல்லை. உயரத்தை விட்டுவிட்டு ஊர்வதையே பிடித்தார்கள். 1970களின் கடைசியில் விட்டியர் புலவார்டை ஞாயிறு ஊர்வலத்துக்கு மூடினார்கள். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மெதுவாகக் கடந்து போவதையே குற்றமாக்கும் ஊர்ச் சட்டங்கள் பல நகரங்களில் வந்தன. சான் டியேகோவை ஒட்டிய நேஷனல் சிட்டியில் 1992இல் வந்தது. குறைந்த வேகத்துக்கு அபராதம் போட்ட ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஆனால் கார்கள் போகவில்லை. 1977இல் சான் ஹோசேயில் 'லோரைடர்' பத்திரிகை தொடங்கியது. ஹெஸ்ஸி வலதேஸின், ரோஜாக்கள் வரைந்து அலங்கரிக்கப்பட்ட 1964 இம்பாலா, 'ஜிப்சி ரோஸ்', 1970களின் ஒரு டிவி தொடரின் தொடக்கக் காட்சியில் ஓடியது, 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பிடித்தது. நியூ மெக்சிகோவின் சிமாயோ கிராமத்தில் டேவிட் ஹராமீயோ என்பவர் தொடங்கி, அவர் இறந்தபின் குடும்பம் முடித்த 1969 ஃபோர்டு எல்டிடி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தெருவில் நிறுத்தி இறக்கி விசாரித்த அதே மாதிரி வண்டி.

நேஷனல் சிட்டி 2023இல் தன் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கெவின் நியூசம், சான் டியேகோ பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த ஏபி 436 மசோதாவில் கையெழுத்திட்டார். ஊர்வலத் தடைகளும் ரிம் விதியும் ஒன்றாகப் போயின. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறை. 1958 ஜனவரி 1 தொடங்கி எண்ணினால் சரியாக 66 வருஷம்.

என் நண்பர் தகடு அடிக்கவில்லை, பழைய அளவில் புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டார். கலிஃபோர்னியாவிலோ விதி போன பிறகும் யாரும் பம்பைக் கழற்றவில்லை. ரிம்முக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம், கேட்க ஆளில்லை. வீட்டு வாசல் சரிவு வந்தால் மட்டும் இன்றைக்கும் சுவிட்சைத் தட்டி, வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுகிறார்கள்.